அக்காவின் காரும் ஆறு தாள்களும்: கெடாவிலிருந்து காஞ்சனபுரிக்கு

முதல் நாள், சனிக்கிழமை: சுங்கை பட்டாணி

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிள்ளானிலிருந்து கிளம்பி, பத்தரை மணிக்கெல்லாம் வட மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வலி இருப்பதால் என் சின்னக் காரில் நெடுந்தூரம் உட்கார முடியாது. அதனால் என் காரை இங்கே நிறுத்திவிட்டு, அக்காவின் ஏழு இருக்கை புரோட்டோன் எக்சோராவை எடுத்துக்கொண்டு தாய்லாந்துக்குப் போகிறோம். பின்னிருக்கையில் அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

எதற்குப் போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அப்பாவும் பெரியப்பாவும் இந்தச் சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்கள். 1943-இல் ஜப்பான்காரன் இரண்டு பேரையும் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பர்மா வரை ரயில் பாதை போடக் கொண்டுபோனான். போர் முடிந்து தாத்தா திரும்பி வந்தார். பெரிய தாத்தா வரவில்லை. அவர் எங்கே இறந்தார், எங்கே புதைத்தார்கள், எதுவும் தெரியாது. “அந்த மண்ணை ஒரு தடவை மிதிச்சுட்டு வந்துடணும்” என்று அம்மா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். விமானத்தில் போய்விடலாம் என்றேன். தாத்தா போன வழியாகவே, தரையிலேயே போகவேண்டும் என்றார். சரி, அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரிக்குக் காரிலேயே போவோம் என்று முடிவானது.

நம்மவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹட்யாய்க்குக் காரில் போவது புதிதல்ல. ஆனால் அவரவர் காரில் போவார்கள். நான் எடுப்பது அக்கா பெயரில் இருக்கும் கார், அக்காவோ வரப்போவதில்லை. எல்லைக் காகிதங்களில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உரிமையாளர் காரில் உட்கார்ந்திருந்தால் கேள்வி இல்லை. இல்லையென்றால் ‘என் காரை இன்னார் இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை தாய்லாந்துக்குள் ஓட்டிப்போக நான் சம்மதிக்கிறேன்’ என்று உரிமையாளர் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வாங்கிய கடிதம் வேண்டும். அக்கா போன வாரமே இங்கே முத்திரை வாங்கி வைத்துவிட்டார். வாசகத்தை எழுதியது நான். கார் எண், இயந்திர எண், சேசிஸ் எண், என் கடப்பிதழ் எண் எல்லாம் நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

காரின் கடன் முடிந்துவிட்டது என்பதால் வங்கியின் கடிதம் தேவைப்படவில்லை. தவணை ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால் வங்கியிடமும் சம்மதக் கடிதம் வாங்குங்கள். தவணை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால், கேட்காமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படித்திருக்கவே மாட்டார்கள்.

சாப்பிட்டதும் அத்தான் அலமாரியிலிருந்து கெரானை எடுத்துக் கொடுத்தார். இப்போது அதற்கு வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர் மாறிவிட்டது, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அது கெரான்தான். அசல் வேண்டும், நகல் மட்டும் போதாது. சாலை வரி 2023 பிப்ரவரியிலிருந்து கைபேசிக்குள் போய்விட்டது, கண்ணாடியில் ஒட்டவேண்டியதில்லை. அது மலேசிய போலீஸுக்குச் சரி, ஆனால் தாய்லாந்து அதிகாரியிடம் நம் செயலியைத் திறந்து காட்டி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அதையும் அச்சிட்டு வைத்துக்கொண்டோம். உரிமம் அட்டையாகவே என்னிடம் இருக்கிறது. ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்பதாக 1985-இல் கோலாலம்பூரில் ஒப்பந்தம் போட்டன, அதனால் சர்வதேச உரிமம் எடுக்கவில்லை.

இரவு அம்மாவுக்கும் எனக்கும் டிடிஏசி நிரப்பினேன். முன்பு எல்லையில் கையால் நிரப்பிய டிஎம் 6 வருகை அட்டைக்குப் பதிலாக 2025 மே 1 முதல் வந்திருக்கும் மின்னட்டை அது. போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதிலாவது போய் நின்றால் வெளியே வந்துவிடுங்கள்.

அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அம்மாவின் கடப்பிதழில் அவர் பெயர், ஏ/பி (மலாயில் ‘மகள்’ என்பதன் சுருக்கம்), தாத்தா பெயர் என்று ஒரே வரிதான். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் போதும். நான் தாத்தாவின் பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு அழித்துக் கோடு போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்யா அப்பா பேரை அழிச்சே?” என்றார். முதல் பெயர்க் கட்டத்தில் தாத்தா இருக்கிறார் என்று காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: சங்லூன், எல்லை, ஹட்யாய்

அக்கா எங்களை வழியனுப்ப சங்லூன் வரைக்கும் கூடவே வந்தார். அத்தான் தன் காரில் பின்னால் வந்தார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைச் சொல்கிறேன்.

சங்லூன் எல்லைக்கு முந்தைய கடைசி ஊர். சாலையோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். தாய்லாந்துக் காப்புறுதி விற்பார்கள், குடிநுழைவுப் படிவங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பார்கள், பாட் மாற்றித் தருவார்கள். நாங்கள் நிறுத்திய கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரப் பெண் ஒருவர் இருந்தார். மலாயில் அக்கா என்று பொருள்படும் ‘காக்’ என்றே கூப்பிட்டேன்.

முதலில் காப்புறுதி. நம் மலேசியக் காப்புறுதி தாய்லாந்தில் தானாகச் செல்லுபடியாகாது. 101 என்ற எண்ணுள்ள கூடுதல் சேர்க்கையை நம் நிறுவனத்திடமே முன்கூட்டி வாங்கினால் நம் பாதுகாப்பு தாய்லாந்துக்கும் நீளும். ஆனால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாய்லாந்துச் சட்டம் கேட்கும் கட்டாயக் காப்புறுதியை வாங்கியே ஆகவேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது, அங்கே எல்லோரும் ‘போ ரோ போ’ என்கிறார்கள். அது மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுந்தான். அடுத்தவர் காரை இடித்துவிட்டால் அந்தச் செலவு அதில் வராது. ஹட்யாய் போய்வரும் பலர் விலை குறைந்த கட்டாயத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லாம் இருக்கிறது என்று நினைத்து ஓட்டுகிறார்கள். எனக்கு இது மிகவும் கவலை தரும் விஷயம். சில ரிங்கிட் கூடக் கொடுத்தால் மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்தையும் சேர்த்து வாங்கலாம். நான் ஒன்பது நாளுக்கு இரண்டையும் சேர்த்து வாங்கினேன். 101 சேர்க்கையை அக்கா ஏற்கெனவே எடுத்துவிட்டார்.

அப்புறம் டிஎம் 2, டிஎம் 3. முதலாவது வண்டியைப் பற்றிய குடிநுழைவுப் படிவம், இரண்டாவது வண்டியில் வருகிறவர்களின் பட்டியல். காக் கெரானை வாங்கித் தன் கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து மளமளவென்று தட்டினார். கடைசியாக அக்காவின் சம்மதக் கடிதத்தையும் கேட்டார். “அது சுங்கத்துக்குத்தானே?” என்றேன். “கொடுங்க, பார்க்கிறேன்” என்றார்.

கடிதத்தையும் கெரானையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தார். இடது கைச் சுட்டுவிரல் கெரானில், வலது கைப் பேனா நுனி கடிதத்தில். சேசிஸ் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் படித்துக்கொண்டே இரண்டு கைகளையும் ஒன்றாக நகர்த்தினார். பத்தாவதோ பதினோராவதோ எழுத்தில் பேனா நின்றது. கெரானில் சுழியம். என் கடிதத்தில் ஆங்கில ஓ.

“இது பூஜ்யம், இது எழுத்து. இங்கே திருத்தாமல் போகாதீங்க” என்றார்.

எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்தைத் தட்டியிருக்கிறேன். நான்கு தடவை சரிபார்த்தும் என் கண்ணுக்கு அது படவில்லை, ஏனென்றால் நான் வடிவத்தைத்தான் பார்த்தேன். கார்களின் சேசிஸ் எண்ணுக்கு உலக முழுவதும் ஒரே விதி இருக்கிறது: மொத்தம் 17 இடங்கள், அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வரவே வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பிவிடும் என்பதற்காகவே அவற்றை விலக்கிவைத்திருக்கிறார்கள். இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால், கடிதத்தில் ஓ என்று ஓர் எழுத்தைப் பார்த்தவுடனே தப்பு என்று சொல்லியிருப்பேன். நீங்கள் இப்படி ஒரு கடிதம் எழுதினால் இதை மறக்காதீர்கள்.

பேனாவால் திருத்தக் கூடாது, முத்திரை வாங்கிய தாள். புதிதாக அச்சிட்டு, அக்கா மறுபடி ஆணையர் முன்னால் கையெழுத்திடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா சிரித்தார். “தம்பி, இது கெடா. எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் லீவு.” சிலாங்கூரிலேயே இருந்து எனக்கு அது மறந்தே போயிருந்தது. காக் தன் கணினியிலேயே கடிதத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்தார். அம்மாவை அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அக்காவும் நானும் அத்தானின் காரில் ஜித்ராவுக்குப் போனோம். ஆணையர் அக்காவின் அடையாள அட்டையையும் கெரானையும் பார்த்துக் கையெழுத்து வாங்கி முத்திரை குத்தினார். திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. அம்மாவுக்குக் காக் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், கலக்கிக் கொடுத்திருந்தார். எங்கே போகிறோம், எதற்கு என்று அம்மா தன் மலாயில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். காக் படிவம் அடித்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கடிதத்துக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா காரின் முன்பக்கத்தைத் தொட்டுவிட்டு, “பத்திரமா கூட்டிட்டு வா” என்றார். அம்மாவையா காரையா என்று நான் கேட்கவில்லை.

புக்கிட் காயு ஹீத்தாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முடியும் இடம். மலேசியப் பக்கம் காரிலிருந்து இறங்காமலே கடப்பிதழில் முத்திரை விழுந்துவிட்டது. எல்லை நம் நேரப்படி காலை 6 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12-க்கு மூடும். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே அது 5 முதல் 11 வரை. நேரத்தை ஒட்டி வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவேண்டும்.

தாய்லாந்தின் சடாவ் பக்கம் நுழைந்ததும் வேலை இரண்டாகப் பிரிகிறது. குடிநுழைவு மனிதருக்கு, சுங்கம் காருக்கு. அம்மா நடந்து போய் முகப்பில் கைரேகை வைத்து முத்திரை வாங்கினார். நான் ஓட்டுநருக்கான முகப்பில் டிஎம் 2, டிஎம் 3 தாள்களைக் கொடுத்தேன். ஒரு பிரதியில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்தது சுங்கம். இளம் அதிகாரி கெரான், கடிதம், கடப்பிதழ், உரிமம் நான்கையும் வரிசையாக அடுக்கினார். காக் செய்ததையே அவரும் செய்தார், விரலை வைத்து 17 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டினார்.

அச்சாகி வந்த தாள்தான் இந்தப் பயணத்திலேயே முக்கியமான தாள். காரைத் தற்காலிகமாகக் கொண்டுவருகிறேன், இந்தத் தேதிக்குள் திரும்ப வெளியே கொண்டுபோய்விடுவேன் என்று நான் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி அது. ஆண்டு 2568 என்று இருந்தது, அவர்களுக்குப் புத்தர் ஆண்டு. எங்களுக்கு 30 நாள். தவறினால் ஒரு நாளைக்கு 1,000 பாட் வீதம், அதிகபட்சம் 10,000 பாட் வரை அபராதம். கவனிக்கவேண்டியது என்னவென்றால், கடப்பிதழில் நமக்குக் கிடைக்கும் நாள் வேறு, காருக்குக் கிடைக்கும் நாள் வேறு. நாம் தங்கும் காலத்தை நீட்டித்துக்கொண்டால் காருக்கும் நீட்டித்ததாக ஆகாது.

மலேசியா, சிங்கப்பூர், லாவோஸ் கார்களுக்கு இவ்வளவுதான். மற்ற நாட்டுக் கார்களுக்கு 2016 முதல் விதிகள் கடுமையாகிவிட்டன. தாய்லாந்துப் பயண நிறுவனம் ஒன்றின் மூலம் முன்கூட்டியே தரைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வாங்கவேண்டும். வீடுபோல் கட்டிய வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக வருகிறவர்கள் இதனால் மிகவும் சிரமப்படுகிறார்கள். அண்டை வீட்டுக்காரர் என்பதால் நமக்கு எளிதாக இருக்கிறது.

காரில் ஏறியதும் அம்மா கேட்டார்: “அப்பா போனப்போ இங்கே இதெல்லாம் இருந்துச்சா?”

எல்லைக்கோடு இருந்தது. 1909-இல் ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் நடந்த ஒப்பந்தத்தில் போட்ட கோடு. ஆனால் தாத்தா போன அதே 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்துவிட்டது. 1945 வரை சுங்கை பட்டாணியே தாய்லாந்தில்தான் இருந்தது. தாத்தாவையும் பெரிய தாத்தாவையும் சரக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அம்மாவிடம் இவ்வளவும் சொன்னேன். ஹட்யாய் வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள், திங்கள்: ஹட்யாயிலிருந்து சும்போன்

நாள் முழுக்க ஓட்டம், ஏறத்தாழ 480 கிலோமீட்டர். அவர்களும் நம்மைப்போல் இடதுபக்கம் ஓட்டுவதால் சிரமம் இல்லை. பத்தாலுங் தாண்டி 41-ஆம் எண் சாலை, இரண்டு பக்கமும் ரப்பர், செம்பனை. கெடாவிலேயே இருப்பதுபோல் இருக்கிறது என்றார் அம்மா.

ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் நம் கார் எண் பலகையைப் பார்த்துவிட்டுக் காப்புறுதித் தாளைக் கேட்டார், பிறகு சுங்கத் தாளை. இரண்டையும் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையுறைப் பெட்டியில் வைத்திருந்தேன், எடுத்துக் கொடுக்க அரை நிமிடம். கெரானும் கடப்பிதழ்களும் அம்மாவின் கைப்பையில். இப்படிப் பிரித்து வைத்ததில் எனக்கு நிம்மதி. காரை உடைத்துத் திருடினால்கூட எல்லாத் தாளும் ஒரே இடத்தில் போய்விடாது. எல்லாவற்றையும் படமெடுத்து அக்காவுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.

சும்போனுக்கும் சயாம் ரயிலுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. காஞ்சனபுரிப் பாதையைத் தவிர, இங்கிருந்து கிரா பூசந்தியைக் குறுக்கே கடந்து இன்னொரு பாதையையும் ஜப்பானியர் 1943-இல் போட்டார்கள். அதிலும் மலாயாத் தோட்டத் தமிழர்கள் வேலை செய்தார்கள். அது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

நான்காம் நாள், செவ்வாய்: பான் போங் வழியாகக் காஞ்சனபுரி

காலையிலிருந்து மழை. பெட்ச்புரி தாண்டும்போதுதான் வெளுத்தது.

ராட்சபுரிக்கு அப்புறம் பச்சைப் பலகையில் ‘பான் போங்’ என்று பார்த்தேன். தாத்தா வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சயாம் ஊர்ப் பெயர் அது. அவர் “பாம்போங்” என்பார். குடித்துவிட்டு வந்த இரவுகளில் “பாம்போங்ல எறக்கிவிட்டான், அங்கேருந்து நடை” என்று ஆரம்பிப்பார், பாட்டி போய் வாயைப் பொத்துவார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கதையில் வரும் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலகைக்குக் கீழே காரை ஓரமாக நிறுத்தினேன். அம்மா எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் படித்தார். இரண்டாவது தடவை தாத்தா சொன்ன மாதிரியே சொன்னார்: “பாம்போங்.” சரக்கு ரயில்களிலிருந்து ஆட்களை இறக்கிய ஊர் இதுதான். இதன் பக்கத்தில் நொங் பிளாடுக்கிலிருந்துதான் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை தொடங்கியது. இங்கிருந்து காட்டுக்குள்ளே முகாம் முகாமாக நடக்கவைத்தார்கள். நாங்கள் 323-ஆம் எண் சாலையில் ஒரு மணி நேரத்தில் காஞ்சனபுரிக்குள் வந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள், புதன்: காஞ்சனபுரி

காலையில் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். வெட்டிவைத்த புல், ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 22, 24, 21. அம்மா மூன்று வரிசை முழுக்க நடந்தார். “பாவம், சின்னப் பிள்ளைங்க” என்றார். பிறகு, “நம்ம ஆளுங்க எங்கேய்யா?” என்று கேட்டார்.

அந்தத் தோட்டத்தில் நம் ஆட்கள் இல்லை. ரயில் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேர், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000-க்கு மேல் என்கிறார்கள், இறந்தவர் சுமார் 90,000. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சீனர், ஜாவாக்காரர். இதெல்லாம் மதிப்பீடுதான், ஏனென்றால் கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் முகாமிலேயே ரகசியமாகப் பட்டியல் எழுதி வைத்தார்கள், தோட்டத்து ஆட்களுக்கு அப்படி எழுத யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது ஆசியர் முகாம்களில்தான் சாவு அதிகம். அங்கே மருத்துவரும் இல்லை, பெயரைக் குறித்துவைக்க ஒரு தாளும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் இங்கே இருக்கிறது. அம்மா சுங்கை பட்டாணியிலிருந்து கொண்டுவந்த சூடத்தையும் வெற்றிலை பாக்கையும் எடுத்தார். கோயில்காரர் ஒருவரிடம் சைகையில் அனுமதி கேட்டோம், தலையசைத்தார். அம்மா சூடம் கொளுத்தி, பெரிய தாத்தாவின் பெயரைச் சத்தமாக மூன்று தடவை சொன்னார். அவர் அங்கேதான் இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் அது தெரியும்.

மாலையில் க்வாய் ஆற்றின் மேல் அந்தப் பாதைக்காகக் கட்டிய பாலத்தைப் பார்த்தோம். நல்ல கூட்டம். அம்மா பாலத்தின் மேல் ஏற மறுத்துவிட்டார்.

ஆறாம் நாள், வியாழன்: திரும்பி வரும் வழி

காஞ்சனபுரியிலிருந்து ஒரே மூச்சில் சூராட்தானி வரை. எழுத ஒன்றுமில்லை. அம்மா நன்றாகத் தூங்கினார்.

ஏழாம் நாள், வெள்ளி: பாடாங் பெசார்

திரும்பும்போது புக்கிட் காயு ஹீத்தாம் வேண்டாம், பாடாங் பெசார் வழியாகப் போகலாம் என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். ரயில் பாதை எல்லையைக் கடப்பது அங்கேதான். தாத்தாவைக் கொண்டுபோன ரயில் அந்த வழியாகத்தான் போயிருக்கவேண்டும்.

உள்ளே வந்த எல்லையிலேயே கார் வெளியேறவேண்டும் என்று சிலர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். சடாவிலேயே சுங்க அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சுங்கச் சாவடி உள்ள எந்த எல்லையிலும் வெளியேறலாம், ஆனால் அந்தத் தாளை அங்கே ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்காமல் போவதுதான் பெரிய தவறு. முகப்பில் கூட்டமில்லாவிட்டால், யாரும் நிறுத்தாவிட்டால், நேராக மலேசியாவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு. தாய்லாந்துச் சுங்கத்தின் கணக்கில் அந்தக் கார் இன்னும் தாய்லாந்துக்குள்தான் நிற்கும். அடுத்த தடவை போகும்போது அபராதம் கட்டச் சொல்லுவார்கள். அதுவும் அக்கா கார், என்னால் அக்காவுக்குப் பழி வரக்கூடாது.

மதியம் மூன்று மணிபோல் போய்ச் சேர்ந்தோம். குடிநுழைவு முகப்பில் எங்களுக்கு முத்திரை. பிறகு காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சுங்க முகப்பைத் தேடிப் போனேன். நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. தாளை வாங்கி, தேதியைப் பார்த்து, வெளியே வந்து எண் பலகையையும் பார்த்தார். உள்ளே போய்க் கணினியில் எதையோ தட்டினார். என் பிரதியில் முத்திரை குத்தி, அதைப் படமெடுத்துக்கொள்ளும்படி கைபேசியைக் காட்டிச் சைகை செய்தார். அவராகவே சொன்னது. நல்ல மனுஷி.

மலேசியப் பக்கம் தாய்லாந்துக் கார்கள் நின்றுகொண்டிருந்தன. அவர்களுக்கு இங்கே சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஐசிபி என்ற வாகன அனுமதி வேண்டும், மலேசியக் காப்புறுதி வேண்டும். ஒரு குடும்பத்தில் அப்பா தாள்களைக் காரின் முன்மூடிமேல் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் உள்ளே சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் முன்னால் சங்லூனில் நான் நின்ற நிலை அப்படியே.

எல்லை தாண்டியதும் அம்மா, “தண்டவாளம் தெரியிற இடத்துல கொஞ்சம் நிறுத்துய்யா” என்றார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த நிலையத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அம்மா இறங்கி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்தபடி நின்றார். ரயில் எதுவும் வரவில்லை. கால் வலிக்கும் என்று சொன்னேன், கேட்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும்.

சுங்கை பட்டாணி வந்து சேர இரவு ஏழு மணி. அக்கா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தாள் எல்லாம் இருக்கா?” என்று கேட்டார். உறையோடு கொடுத்தேன். கெரானை அத்தானிடம் நீட்டினார், முத்திரை குத்திய சுங்கப் பிரதியைத் தனியாக எடுத்து வைத்தார். சம்மதக் கடிதத்தை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பின்பக்கத்தில் பெரிய தாத்தாவின் பெயரையும் காஞ்சனபுரி, வாட் தாவோர்ன் வராராம் என்பதையும் நாங்கள் போன தேதியையும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.